பொருளாளர் ஏலம் எடுத்த பெட்டி

எனக்குக் குடுத்த வேலை ரொம்பச் சின்னதுங்க. மெடிக்கல்ல இருந்து ஒரு அட்டைப்பெட்டி நாப்கின் வாங்கியாந்து, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் கோயில்ல பத்திரமா வெச்சிருக்கணும். அவ்வளவுதான்.

பெட்டிக்குக் காலும் இல்ல, ரெக்கையும் இல்ல. அதையே கோட்டை உட்டவ நான்.

எங்க சபை பள்ளிபாளையத்துல, காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம். போதகரை ஐயர்னும் அவரோட சம்சாரத்தை ஐயரம்மான்னும் கூப்புடுவோம். வயசுக்கு வந்த பொண்ணுங்க, வரப்போற பொண்ணுங்க, அவங்க அம்மாமாரு, எல்லாருக்கும் ஒரு வகுப்பு வெக்கணும்னு ஐயரம்மா மல்லுக்கட்டி ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ஈரோட்டுல இருந்து எஸ்தர்னு ஒரு நர்சம்மா வந்து பேசறதா இருந்துச்சு. அந்த வகுப்புல குடுக்கத்தான் நாப்கின்.

எதுக்கு மல்லுக்கட்டுனாங்கன்னா, கொஞ்ச நாளைக்கு முன்னால ஞாயிறு பள்ளியில ஷைனின்னு ஒரு புள்ள, பாத்ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு அழுதுச்சு. "ஐயரம்மா, எனக்கு உள்ள என்னமோ அந்துபோச்சுங்க. நான் செத்துருவனுங்களா?"ன்னு கேட்டுச்சு. ஆறாவது படிக்கற புள்ள. ஊட்டுல ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லி வெக்கலை.

அந்தப் புள்ளையோட அப்பன் ஞானராஜ். தறிப்பட்டறை ஓனர், சபைப் பொருளாளர். மக வயசுக்கு வந்தான்னதும் மண்டபம் புடிச்சு, சீர் வெச்சு, மெயின் ரோட்டுல மக போட்டோவோட ஃப்ளெக்ஸ் கட்டுன மனுசன். பஸ்ஸுல போறவன், லாரியில போறவன், அத்தனை பேருக்கும் சேதி தெரியணும். அது கௌரவம்!

ஆனா வகுப்புன்னதும் கமிட்டியில எந்திரிச்சு நின்னாரு.

"கோயிலுக்குள்ள பேசற பேச்சுங்களா இது? காலம் வந்தா தானாத் தெரிஞ்சுக்குவாங்க. எம்பொண்ணை அனுப்ப மாட்டேன். அன்னிக்கு ஏதாச்சும் அசிங்கமா நடந்துச்சு, அத்தோட வகுப்பே கெடையாது!"

போதகர் என்ன சொன்னாரா? சீலிங் ஃபேனைப் பாத்தாரு.

"அக்கா, பெட்டி அவரு கண்ணுல பட்டுறக் கூடாது"ன்னு ஐயரம்மா எங்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.

மெடிக்கல்காரன் பெட்டியை நியூஸ் பேப்பர்ல சுத்தி, பெரிய கருப்புக் கவர்ல போட்டுக் குடுத்தான். திருட்டு நகையாட்டம். கருப்புக் கவரைப் பாத்தாலே ஊருக்கே தெரிஞ்சு போயிருமேன்னு எனக்கு ஒரு யோசனை. ஊட்டுக்கு வந்து, கிறிஸ்மஸுக்கு வாங்கி மிச்சமிருந்த பூப்போட்ட ஜிகினாத் தாளை எடுத்து, பெட்டி மேல பளபளன்னு ஒட்டுனேன். செவப்பு ரிப்பன் வேற.

எம்மூளையை நானே மெச்சிக்கிட்டேன்.

அந்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிஞ்சதும், சனங்க காணிக்கையாக் கொண்டாந்த தேங்காய், பூசணி, சேவல் எல்லாத்தையும் ஏலம் உடுவாங்க. அதுல எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சது மூடுன பொட்டலம். உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லவே மாட்டாங்க. ஜிகினாத் தாள் சுத்தி ரிப்பன் கட்டியிருக்கும்.

ஆமாங்க. வருசம் தவறாம அந்த ஏலத்தைப் பாக்கறவதான் நான்.

பிரியாணி பரிமாற ஆள் பத்தலைன்னு கூப்புட்டாங்க. பெட்டியை வராண்டா மேசை மேல வெச்சுட்டு ஓடுனேன். ஏல மேசை அதுதான்னு கவனிக்கவே இல்ல. கரண்டியும் கையுமா நிக்கறப்ப, மைக்குல ஏலம் உடற ஸ்டீபன் சத்தம்.

"அடுத்து ஒரு அருமையான பொட்டலம்! பேரு போடாம வெச்சிருக்காங்க, என்ன மனசு பாருங்க!"

போட்டது போட்டபடி ஓடுனேன். "ஸ்டீபா! அது ஏலத்துக்கு இல்ல சாமி!"

"அப்படிங்களா அக்கா? உள்ள என்னன்னு சொல்லுங்க, எறக்கி வெச்சர்றேன்"னு மைக்கை எவ்வாய்கிட்ட நீட்டிட்டான்.

ஒரே ஒரு வார்த்தைங்க. சொல்லியிருந்தா முடிஞ்சுது. புள்ள பெத்து, பேரம்பேத்தி பாத்தவ. தறிச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே பொழைச்சவ. அந்த வார்த்தை மட்டும் தொண்டையத் தாண்டலை.

"அது... பொம்பளைங்களுக்கு உண்டானது"ன்னேன்.

ஸ்டீபன் பெட்டியைக் குலுக்கிப் பாத்தான். "பொம்பளைங்களுக்காம்! சத்தமே இல்ல, லேசா இருக்குது. பட்டுச்சேலைதானுங்க! கேளுங்க, கேளுங்க!"

துணின்னா எங்க ஊருக்காரங்க உடுவாங்களா? ஏலம் எகிறுச்சு. ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. கடைசி வரைக்கும் நின்னு எடுத்தது ஒரே ஆளு.

ஞானராஜ்.

"பிரிங்க! பிரிங்க!"ன்னு ஒரே கூச்சல். அவரு சிரிச்சுக்கிட்டே தாளைக் கிழிச்சு, கையை உள்ள உட்டு ஒரு பாக்கெட்டை எடுத்து, எல்லாருக்கும் தெரியற மாதிரி தலைக்கு மேல தூக்கிப் புடிச்சாரு. அதுக்கப்புறம்தான் அது என்னன்னு பாத்தாரு.

தூக்குன கையைச் சடக்குன்னு எறக்குனாரு.

"சொன்னனா இல்லியா? கோயில்ல அசிங்கம்! ஐயரே, வகுப்பை நிறுத்துங்க!"

அந்த நேரம் பாத்து நர்சம்மா கேட்டைத் தொறந்துக்கிட்டு வாராங்க. தலையில கையை வெச்சுக்கிட்டேன். என்னால அந்தப் புள்ளைங்க வகுப்பு போச்சேன்னு.

பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஷைனி எந்திரிச்சு வந்துச்சு.

"குடுங்கப்பா. அது எங்க வகுப்புக்கு வந்தது."

"போயி உக்காரு கண்ணு."

"ரோட்டுல எம்போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் வெச்சீங்களே, அது அசிங்கமில்லீங்களாப்பா?"

எவளோ ஒருத்தி களுக்குன்னு சிரிச்சா. அப்புறம் அடக்க முடியலை, பொம்பளைங்க பக்கம் பூரா சிரிப்பு.

ஐயரம்மா வந்து மைக்கை வாங்கிட்டாங்க. "ஏலத்துல எடுத்தா அது ஆண்டவருக்குக் காணிக்கைங்க. அவரு படைச்ச உடம்புக்கு வேண்டியதுதான் உள்ள இருக்குது. இதுல என்னங்க அசிங்கம்? இன்னைக்கு வகுப்புக்கு நாப்கின் குடுத்து உதவுனது நம்ம ஞானராஜ் குடும்பத்தார். எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டுனாங்க. மைக்குல தம் பேரைச் சொன்னா மறுத்துப் பேசற பழக்கம் அவருக்குக் கெடையாது. கும்புடு போட்டுட்டு உக்காந்துட்டாரு.

வகுப்பு நடந்துச்சு. ஷைனி மொத வரிசை. மாசாமாசம் வாரது நோயுமில்ல தீட்டுமில்லைன்னு நர்சம்மா படம் போட்டுக் காட்டுனாங்க. "வேண்டாத எடத்துல எவன் தொட்டாலும், மாமனா இருந்தாலும் சபைப் பெரியவரா இருந்தாலும், சத்தம் போடு. ஆசையா இருக்கறேன்னு சொல்லிட்டு உன்னைப் பயமுறுத்தறவனுக்குப் பேரு அன்பு இல்ல"ன்னாங்க. பின்னால உக்காந்திருந்த எனக்கே பாதி புதுசு. இத்தனை வயசுக்கு மேல!

எல்லாம் முடிஞ்சு பெஞ்சை அடுக்கிக்கிட்டு இருந்தேன். ஞானராஜ் வந்து பக்கத்துல நின்னாரு. செவுத்தைப் பாத்துக்கிட்டே பேசறாரு.

"ஏனுங்க அக்கா... அந்தப் பெட்டியில ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்குதுங்களா? ஊட்டுல அவ கேக்கறா."

எடுத்துக் குடுத்தேன்.

கல்யாணமாகி இத்தனை வருசத்துல பொண்டாட்டிக்குன்னு அவரு வாங்குன மொத பாக்கெட்டு. அதையும் ஏலத்துல எடுத்தாரு, மனுசன்.