சூசைரட்ணம் பார்த்தால் கோல் விழும்

“என்னங்க, எந்திரிங்க. இன்னிக்காவது சொன்னாக் கேளுங்க” என்றாள் இசபெல்.

சூசைரட்ணம் எழுந்திருக்கவில்லை. சொந்த வீடு, சொந்த டிவி, டிவிக்குள் கோல் போஸ்டில் நிற்பதோ சொந்த மகன். எதற்காக எழுந்திருக்க வேண்டும்?

மகன் ஜூலியன் கொழும்பில் கோட்டை ரோவர்ஸ் அணியின் கோல்கீப்பர். நாட்டின் முதல்தர லீக்கில் ஆடுவதற்குப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து போன ஒரே ஆள். இது சீசனின் கடைசி மேட்ச். தோற்றால் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். இறங்கினால் ஆட்களைக் குறைப்பார்கள். புதிதாய்ச் சேர்ந்த ஜூலியன்தான் முதலில் போவான். பிறகென்ன, காலையில் தோட்டத்து ஆட்களை அப்பா கணக்கெடுக்கும் பெரட்டில் வந்து பேர் கொடுக்க வேண்டியதுதான்.

“இப்ப எந்திரிக்கலன்னா கோல் விழும்” என்றாள் இசபெல்.

சொல்லி வாய் மூடவில்லை, விழுந்தது.

“பாத்தீங்களாண்ணே” என்றான் பக்கத்து வீட்டு ஆண்டியப்பன். “அக்கா சொன்னாச் சொன்னபடி நடக்குது. சீசன் பூரா நானும் பாத்துட்டேன்.”

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மேட்ச் போடுவார்கள். சூசைரட்ணம் கங்காணி. மலையில் கொழுந்து பறிப்பவர்களை அதட்டிப் பழகிய தொண்டை டிவிக்கு முன்னால் மட்டும் சும்மா இருக்குமா? “டேய், ஒன் நெரைய விட்டுட்டு எங்கடா போற?” என்று பந்து விளையாடுகிறவர்களிடமும் கத்துவார். ஒருநாள் இவர் உதைத்த உதையில் தேத்தண்ணிக் கோப்பை பறந்து ஆண்டியப்பன் மடியில் கொட்டியது. அந்த வாரம் பிரஷர் பார்த்த டாக்டர் இவரை விட்டுவிட்டு இசபெலைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார்.

அதற்குப் பிறகுதான் இசபெல் அந்த உண்மையைக் கண்டுபிடித்தாள். இவர் பார்த்தால் கோல் விழுகிறது. ராசி அப்படி. மேட்ச் முடியும்வரை மகனோடு போனில் பேசவும் தடை. பேசினால் பையன் மனசு கலைந்துவிடுமாம். போன் அவள் கையிலேயே இருந்தது.

“சரி, குசினிக்குப் போறேன்” என்று சூசைரட்ணம் எழுந்தார்.

குசினியில் அடுப்போரம் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். ஆனால் பெற்ற மனசு சுவரைப் பார்க்குமா? கதவிடுக்கில் கழுத்தை நீட்டினார்.

இசபெல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எட்டிப் பாக்காதீங்க. இந்தா, இப்ப விழப் போகுது.”

விழுந்தது. ரெண்டுக்குப் பூச்சியம்.

“ஐயோ அண்ணே, கண்ணா அது?” என்று ஆண்டியப்பன் ஓடிவந்து அவரை வாசலுக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

சூசைரட்ணம் ஜன்னலோரம் நின்றார். “அங்கயும் நிக்காதீங்க” என்று உள்ளிருந்து குரல் வந்தது. பெற்ற பிள்ளையின் சோற்றில் தன் கண்ணே மண்ணைப் போடுகிறதே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. விடுவிடுவென்று பஸாருக்கு நடந்தார்.

பஸாரில் தேத்தண்ணிக் கடையில் அதே மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. சனியன் விடாது போலிருக்கிறது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தட்டுத்தடுமாறி, ஒரு முட்டைக்கோசு மூட்டையில் இடித்து, அதன் சொந்தக்காரனிடம் ஏச்சு வாங்கி, ஒருவழியாக அந்தோனியார் கோயிலுக்குள் நுழைந்தார்.

“அந்தோனியாரே, எங் கண்ணு ரெண்டையும் வேணும்னாலும் எடுத்துக்கங்க. எம் புள்ளைய மட்டும் பெரட்டுக்கு அனுப்பிராதீங்க.”

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது ஹட்டன் பஸ் வந்து நின்றது. தோளில் பையோடு ஜூலியன் இறங்கினான்.

சூசைரட்ணம் கடை டிவியைப் பார்த்தார். அங்கே ஜூலியன் பாய்ந்து பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். இங்கே ஜூலியன் கடலை தின்றுகொண்டிருந்தான்.

“அடேய், டீம் தோத்துக்கிட்டிருக்கு. போஸ்ட்ட யார்கிட்டடா விட்டுட்டு வந்த?”

“என்னப்பா நீங்க? மேட்ச் நேத்தே முடிஞ்சிருச்சே. மூணுக்கு ரெண்டுன்னு ஜெயிச்சிட்டோம். டிவில எப்பவும் அடுத்த நாள்தானே போடுவாங்க.”

சூசைரட்ணம் மகனைக் கட்டிக்கொண்டார். பஸார் முழுக்கப் பார்க்கிறதே என்ற வெட்கமில்லாமல் கொஞ்ச நேரம் அழுதார். மகன் பெரட்டுக்கு வர வேண்டாம். அது போதும். அப்புறம்தான் ஒன்று உறைத்தது.

“அப்ப நான் பாத்ததால கோல் விழலையாடா? ஒங்கம்மா சொல்லிச் சொல்லி, அந்தந்த நேரத்துக்குக் கரெக்டா விழுந்துச்சே?”

ஜூலியன் கடலையை நீட்டினான். “அம்மா சனிக்கிழமையே எனக்குப் போன் எடுத்து, எத்தனையாவது நிமிசத்துல கோல் விழுந்துச்சுன்னு ஒண்ணு விடாமக் கேட்டுக்குவாங்களேப்பா, ஒங்ககிட்டச் சொல்றதில்லையா?”