புலிப்பழிப்பில் பட்டயப் படிப்பு

ஒரு காட்டில், முன்னொரு காலத்தில் எல்லாம் இல்லை, போன ஜூன் மாதத்தில்தான், சித்திரைக்கனி என்றொரு குரங்கு இருந்தாள். காட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர். பேரில்தான் கௌரவம். மே மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜூனில் திரும்பக் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று கவலைப்பட்டே அவளுக்கு வாலில் முடி கொட்டிப்போயிருந்தது.

அந்தக் காட்டுக் குரங்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வீரபத்திரன் என்ற புலி குளத்துப் பக்கம் வந்தால், கரையில் நிற்கும் மருத மரத்தில் ஒன்றுவிடாமல் ஏறி உட்கார்ந்து அவருக்குப் பழிப்புக் காட்டும். பல்லை இளிக்கும், நாக்கைத் துருத்தும், கன்னத்தை உப்பும், கடைசியில் எல்லாமாகத் திரும்பிப் பின்புறத்தைக் காட்டும். புலிக்கு மனசே விட்டுப்போகும். வேட்டையாவது ஒன்றாவது என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவார். குளத்தில் தண்ணீர் குடிக்கிற மான்கள் உயிரோடு இருந்தது இந்த ஒரு காரியத்தால்தான். அந்த மான்களில் அலமேலு என்பவள் சித்திரைக்கனிக்கு ரொம்ப வேண்டியவள்.

இப்படிச் சிவனே என்று போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கையால் தொட முடியாத பண்பாட்டு மரபு ஒன்றைக் காப்பாற்ற எல்லாப் பல்கலைக்கழகங்களும் இந்த வருஷமே ஒரு படிப்பு தொடங்கியாக வேண்டுமாம். துணைவேந்தரான யானை முதலில் தன் தந்தங்களையே மரபாகக் காட்டிவிடலாமா என்று பார்த்தார். தொட்டால் கைக்கு அகப்படுகிறதே என்று பதிவாளர் சொன்னதும் அதை விட்டுவிட்டார். பிறகு சித்திரைக்கனியைக் கூப்பிட்டு, பழிப்புக் காட்டுவதற்கு ஒரு பாடத்திட்டம் போட்டுக் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்.

அவள் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து எழுதினாள். முதல் அலகு, பழிப்பு: வரையறையும் வகைகளும். இரண்டாவது நாக்கு. ஐந்தாவது, பின்புறம்: ஓர் அறிமுகம். நாக்கில் தேறாதவர்கள் பின்புறத்துக்குப் போகக் கூடாது என்று ஒரு விதியும் சேர்த்தாள். பாடத்திட்டக் குழு பார்த்துவிட்டு, வெளியாள் ஒருவர் வல்லுநராகக் கையெழுத்துப் போட வேண்டும், அவர் விண்ணப்பித்தவருக்கு உறவாக இருக்கக் கூடாது என்றது. குரங்குகள் அத்தனையும் அவளுக்கு மாமன் மச்சான்தான். உறவில்லாமல், இந்தப் பழிப்பை நேர் எதிரே நின்று பதின்மூன்று வருஷம் தினமும் முழுசாகப் பார்த்த ஆள் காட்டிலேயே ஒருவர்தான்.

அவரையே கூப்பிட்டார்கள். வீரபத்திரன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். படித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் வரலேன்னா நீங்க யாருக்குப் பழிப்புக் காட்டியிருப்பீங்க? இத்தனை பக்கத்துல என் பேரு ஒரு வரியில வந்திருக்கா?"

நியாயமான கேள்வி ஆயிற்றே. குழு தலையைக் குனிந்துகொண்டது. துணைவேந்தர் அந்த இடத்திலேயே அவரைத் துறைத்தலைவர் ஆக்கினார். நூற்றுக்கு நாற்பது இன்டர்னல் மார்க், அதுவும் அவர் கையில். சித்திரைக்கனி ஆட்சேபிக்க வாயைத் திறந்தாள். ஆனால் யானையின் தும்பிக்கையில் பணி நிரந்தர ஆணை ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஒப்புக்கொண்டாள். நீங்களும் நானுமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

குரங்குகள் ஒன்று பாக்கியில்லாமல் படிப்பில் சேர்ந்தன. அலமேலுவும் விண்ணப்பம் போட்டாள். மரம் ஏறத் தெரியாது என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பரவால்லக்கா, நீங்க மேல இருக்கீங்கல்ல, அது போதும்" என்றாள்.

வகுப்பு தொடங்கிய அன்று சாயங்காலம் வீரபத்திரன் குளத்துக்கு வந்தார். வழக்கம்போலக் குரங்குகள் மரத்தில் இருந்தன. ஒரு குரங்கு கன்னத்தை உப்பியது. அவர் அண்ணாந்து பார்த்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, உன் பேர் என்னப்பா என்று விசாரித்தார். உப்பின கன்னம் அப்படியே வற்றிப்போயிற்று. அடுத்த குரங்கு வணக்கம் ஐயா என்றது. இன்னொன்று கொட்டாவி விடுவதுபோல் பாவனை செய்து தப்பித்தது. எல்லாக் குரங்கும் சித்திரைக்கனியைப் பார்த்தன. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கீழே அலமேலு நிற்பது தெரிந்தது. நாக்கு பல்வரைக்கும் வந்துவிட்டது.

"மேடம்" என்றார் புலி, ரொம்ப மரியாதையாக. "உங்களுக்குத் தகுதிகாண் பருவம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கில்ல?"

நாக்கு உள்ளே போய்விட்டது. அவள் சிரித்து வைத்தாள். பல் தெரிந்தால் இளித்ததாகிவிடுமே என்று உதட்டை மூடிக்கொண்டே சிரித்தாள்.

புலி மான்கள் பக்கம் திரும்பினார். மற்ற மான்கள் ஓடிவிட்டன. அலமேலுவுக்குப் பின்னால் தண்ணீர், முன்னால் புலி. மேலே பார்த்தாள், ஒரு சத்தமும் இல்லை. என்ன செய்வாள், பாவம். நாக்கைத் துருத்தினாள். காதுகளைத் திசைக்கொன்றாகத் திருப்பினாள். கண்ணை மாறுகண் ஆக்கினாள். அப்புறம் திரும்பி நின்று, அந்தத் துளியூண்டு வாலை ஆட்டிக் காட்டினாள். தொழில் தெரிந்தவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். வரிசை தப்பு, கன்னம் உப்பவே இல்லை. ஆனாலும் புலிக்கு மனசு விட்டுப்போயிற்று. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார். மரத்தில் இருந்தவர்கள் கைதட்டப் போய், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலையில் துறைத்தலைவரிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. தகுதியில்லாமல், துறையின் அனுமதியில்லாமல், இரண்டாம் அலகில் தேறாமலே ஐந்தாம் அலகுக்குப் போய், பொது இடத்தில் மரபை நிகழ்த்தியதற்கு அலமேலு விளக்கம் தர வேண்டும். ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் சித்திரைக்கனி கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகைகூட வந்தது. பிறகு மே மாதம் ஞாபகம் வந்தது. போட்டுவிட்டாள். பேருக்கு முன்னால் கௌரவம் இல்லாமல் போட்ட முதல் கையெழுத்து என்பதால் இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். தபாலில் அனுப்ப மனசில்லாமல் தானே குளத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அலமேலு அதை வாங்கி முழுசாகப் படித்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை. சித்திரைக்கனியை ஏறிட்டுப் பார்த்து, நிதானமாக நாக்கைத் துருத்தினாள். இந்தத் தடவை கன்னமும் நன்றாக உப்பியிருந்தது.

நீதி: கடிக்க வருகிற புலிக்குத் தாராளமாகப் பழிப்புக் காட்டலாம், மார்க் போட வருகிற புலிக்கு மட்டும் வணக்கம் வைத்துவிட வேண்டும்.