மாப்பிள்ளை வந்த திசை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று என் மனைவி சொல்வாள். அதை விடுங்கள்.) அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலில் மூழ்கிக் கிடந்த வள்ளத்து எஞ்சினைக் கழுவி எடுத்து நெல்லுக் குற்ற வைத்தேன். கிணற்றுத் தண்ணீரை மேல்வீட்டுக்கு ஏற்ற ஒரு பம்பு செய்தேன். பாதி சைக்கிள், பாதி தையல் மெசின், மிச்சம் என் மூளை. சாய்ந்தமருதில் மெயின் ரோட்டோரம் கராஜ் போட்டு, கொழும்பில் கைவிட்ட லொறிகளைக்கூட ஓடவைத்து அனுப்பினேன்.

இவற்றைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவர்கள் வாய் திறப்பதெல்லாம் ஒரே ஒரு பயணத்தைப் பற்றித்தான். என் கலியாணத்துக்கு நான் போன பயணம்.

கல்லோயாவில் அணை கட்டிய காலம் அது. அங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு துரையின் விளக்கு எஞ்சின் அடிக்கடி படுத்துவிடும். நான் போய் எழுப்புவேன். துரை சீமைக்குத் திரும்பும்போது தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். உலக யுத்தத்துக்கு முந்திய வண்டி. இரண்டே ஆசனம், நீட்டிய மூக்கு, நிலத்தோடு ஒட்டிய உடம்பு. அதில் உட்கார்ந்தால் ஆடுகள் நம்மைக் கண்ணுக்குக் கண் பார்க்கும்.

கூரைத் துணி உக்கிப் போயிருந்தது. எங்கள் மருதமுனைத் தறியில் நெய்த கோடுபோட்ட சாரத்துணிக்கு மெழுகு பூசிப் போர்த்தினேன். முன்கண்ணாடி உடைந்திருந்தது. உம்மாவின் பாத்திர அலுமாரிக் கதவில் இருந்த கண்ணாடி அளவாக இருந்தது. ஆசனத்துக்குள் தும்பு அடைத்தேன். இந்த நேரத்தில்தான் மேலே சொன்ன பம்புக்கு ஒரு பல்சக்கரம் தேவைப்பட்டது. காரின் கியர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தால், பின்னால் போவதற்கென்றே ஒரு சக்கரம் சும்மா கிடக்கிறது. “ஆம்பிளைக்குப் பின்னால போற வேல என்ன?” என்று அதைக் கழற்றிப் பம்பில் பூட்டினேன். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. புத்திக்கு அதிலும் பாதி.

அந்த வருடம் சாய்ந்தமருது உதுமாலெப்பைப் போடியாரின் மகள் சல்மாவை எனக்குப் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பது. போடியாருக்கு ஏக்கர் கணக்கில் வயல். அதைப் பார்க்க ஒரு மருமகன் வேண்டும். எனக்கோ மெயின் ரோட்டோரம் அவருக்கிருந்த வெறும் வளவு நிலத்தின் மேல் கண். அதில் கராஜ் போடக் கேட்டேன்.

போடியார் என் விரலிடுக்கில் இருந்த கிறீஸைப் பார்த்தார்.

“அந்தத் தகர டப்பா, கலியாணத்தண்டைக்குத் தானா ஓடி எண்ட வாசலுக்கு வந்தா கராஜ் போடுங்க மாப்பிள. மாடு ஒரு முழம் இழுத்தாலும், அடுத்த நாள் விடியச் சுபஹோட எண்ட வயலுக்கு வாங்க. சரியா?”

“சரி மாமா.”

“மாட்டு வண்டிலயும் நானே அனுப்புறன்.”

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில், பின்னச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தது. முழு அச்சையும் கழற்றி, கொல்லரிடம் பல்லை ஒட்டவைத்து, கலியாணத்தன்று காலைதான் திரும்பப் பூட்டி முடித்தேன். காரைக் கல்லில் ஏற்றி வைத்து எஞ்சினை முடுக்கினேன். சக்கரங்கள் இரண்டும் பம்பரமாகச் சுற்றின. சுற்றுகிறதா என்று பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

அசர் தொழுகை முடிந்தது. வெள்ளைக் கோட், தலைப்பாகை, கழுத்தில் மாலை. பக்கத்தில் என் தாத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை ஆதம்பாவா மச்சான், மடியில் இரண்டு பன்னீர்ப் போத்தலோடு. பின்னால் போடியாரின் மாட்டு வண்டில். நான் பிஸ்மில்லாஹ் சொல்லி முதலாம் கியரைப் போட்டேன்.

கார் பின்னால் பாய்ந்து பக்கத்து வீட்டுக் கிடுகு வேலிக்குள் புகுந்தது.

இரண்டாம் கியரைப் போட்டேன். இன்னும் வேகமாக உள்ளே போனது.

“மச்சான், நீ கலியாணத்துக்குப் போறியா, கலியாணத்த உட்டு ஓடுறியா?” என்றார் ஆதம்பாவா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னச்சின் பெரிய பல்சக்கரத்தை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். முன்னால் போகிற கியர் எல்லாம் பின்னால் போகும். பின்னால் போகிற கியர் ஒன்றுதான் இனி முன்னால் போகும். அந்தக் கியரோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது.

“இழுக்கட்டா மாப்பிள?” வண்டில்காரர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

“கிட்ட வராதீங்க!” என்றேன். அச்சைத் திரும்பக் கழற்ற ஒரு நாள் வேண்டும். நிக்காஹ்வுக்கு இருந்தது ஒரு மணித்தியாலம். எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காரை அப்படியே தூக்கித் திருப்பி வைத்தோம். (இழுக்கக் கூடாது என்றுதான் பேச்சு. தூக்குவதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.) காரின் மூக்கு மட்டக்களப்பைப் பார்த்தது. பின்பக்கம் சாய்ந்தமருதைப் பார்த்தது. புறப்பட்டோம்.

மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம். என் கழுத்து முழுக்கத் திரும்பியிருந்தது. ஆதம்பாவா ஆசனத்தில் முட்டுக்காலில் நின்று, “இங்கால, இங்கால! அங்கால! மெதுவா, ஆடு!” என்று கத்திக்கொண்டு வந்தார். பெரியவர்களைக் கண்டால், அவர்களைத் தாண்டிப் போன பிறகுதான் முகம் பார்த்து ஸலாம் சொல்ல முடிந்தது. பின்னால் வந்த மாடுகள் இரண்டும் வழிநெடுகக் காரின் மூக்குக்கு நேரே மூச்சு விட்டன. நான் கழுத்தை நேராக்கும் போதெல்லாம் வண்டில்காரர், “இழுக்கட்டா மாப்பிள?” என்பார்.

கல்முனைக் கடைத்தெருவில் சனம் இரண்டு பக்கமும் கூடிவிட்டது. மாலை போட்ட மாப்பிள்ளையின் கார் பார்ப்பது ஒரு பக்கம், பெண் வீடு மறுபக்கம்.

“மாப்பிள்ள ஓடுறாண்டா! புடிங்க!” என்றார் ஒரு புடவைக்கடைக்காரர்.

அந்த இடத்திலேயே கார் கொதித்தது. முன்னால் ஓடினால் காற்று வந்து தண்ணீரைக் குளிர வைக்கும். பின்னால் ஓடுகிற காருக்கு யார் விசிறுவது? மூக்கிலிருந்து ஆவி சீறியது. ஆதம்பாவா யோசிக்கவேயில்லை. துணியைச் சுற்றி மூடியைத் திறந்து, இரண்டு போத்தல் பன்னீரையும் ஊற்றினார். அதற்குப் பிறகு வந்த ஆவியெல்லாம் ரோசாப்பூ வாசம்.

அப்படியே மணத்துக்கொண்டு போய், பந்தலுக்குள் நுழைந்து, போடியாரின் கதிரைக்கு ஒரு சாண் இருக்கையில் காரை நிறுத்தினேன். காரின் வால்தான் அவருக்கு முதலில் ஸலாம் சொன்னது.

போடியார் எழும்பவில்லை. “இது என்ன மாப்பிள, வாறதா போறதா?”

“வாறதுதான் மாமா. முகம் மட்டும் மருதமுனையப் பாக்குது” என்றார் ஆதம்பாவா.

“இதெல்லாம் வந்த கணக்கில சேராது. நாளைக்குச் சுபஹோட வயலுக்கு வாங்க.”

எனக்கு இன்னும் கழுத்துத் திரும்பவில்லை. போடியார் சாட்சிகளோடு மகளிடம் சம்மதம் கேட்க உள்ளே போனார். போனவர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சல்மாவின் குரல் பந்தலுக்கே கேட்டது.

“வாப்பா, கார் தானா ஓடி வந்தாக் கராஜ் எண்டு நீங்கதானே சொன்னீங்க? எந்தப் பக்கமா வரணும் எண்டு சொன்னீங்களா?”

“அதுக்கில்ல மகள்…”

“மாடு இழுத்திச்சா?”

“இல்ல.”

“அப்ப வளவ அவருக்கெண்டு சபையில சொல்லிப்போட்டு வாங்க. பொறகு நான் சம்மதம் சொல்றன்.”

போடியார் வெளியே வந்து, தொப்பியைச் சரிசெய்து, முழுச் சபைக்கும் கேட்க, “ரோட்டு வளவு மருமகனுக்கு” என்றார். நிக்காஹ் முடிந்தது. கராஜும் எழும்பியது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது மாப்பிள்ளை வருகிறார் என்றால், உள்ளேயிருந்து பெண்கள் கேட்பார்கள்: “முன்னுக்கா வாறார், பின்னுக்கா?” சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது, கராஜை வாங்கித் தந்தது சல்மாவின் வாய் என்கிறார்கள். வழி காட்டியது ஆதம்பாவாவின் கண் என்கிறார்கள். போடியாரின் பெருந்தன்மை என்றும் ஒருவர் சொன்னார். என் பங்காக அவர்கள் வைத்திருப்பது, மாற்றிப் பூட்டிய ஒரு சக்கரம் மட்டும்தான்.

இது நியாயமில்லை. கார் அந்த வாசலுக்கு வந்திராவிட்டால் சல்மா எதை வைத்துக் கதைத்திருப்பாள்? இனி இதைச் சொல்கிறவர்கள் ஒரு வசனம் சேர்த்துச் சொல்ல வேண்டும்: முகம் ஒரு பக்கமும் ரோட்டு மறுபக்கமுமாக, மூன்று கட்டையும் அந்தக் காரை ஓட்டி வந்தவர் மருதமுனை மீராலெப்பை அலியார். முழுப் பெயரையும் சொல்லுங்கள். சல்மா பக்கத்தில் இருக்கும்போது சத்தமாகச் சொல்லுங்கள்.