வாசுதேவன் சார் வந்துவிட்டார்

மாநாடு தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது திரையில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் நான்கு பேர் ஜுனைத்.

ஒரு ஜுனைத் மடிக்கணினியில். இன்னொருவன் அவனுடைய கைபேசியில். மூன்றாமவன் அம்மா ஹபீபாவின் போனில். நான்காமவன், அரசாங்கம் எப்போதோ கொடுத்து இப்போது கண்ணாடி விரிசல்விட்ட டேப்லெட்டில். மற்ற மூவரில் ஒருவர் அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியை பிரபாவதி. ஒருவர் கல்லூரி முதல்வர். உள்ளே வந்ததும் கேமராவை அணைத்துவிட்டு மனிதர் எங்கேயோ போய்விட்டார். கடைசி ஆள் வழிதவறி வந்தவர், எப்படி வெளியே போவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜுனைத் அவரைப் போகவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

டிஜிட்டல் கல்வி ஆய்வுகள் குறித்த மாணவர் இணையவழி மாநாடு அது. செங்கல்பட்டில் உள்ள கல்லூரியிலிருந்துதான் நடந்திருக்க வேண்டும். ஆனால் கல்லூரியில் இணையம் படுத்து ஒரு வாரமாகிறது. அதனால் மாநாட்டை மொத்தமாகத் தூக்கி மாமல்லபுரத்தில் ஜுனைத் வீட்டு முன்னறையில் வைத்துவிட்டார்கள். டிஜிட்டல் கல்வி மாநாட்டுக்கு இது பொருத்தமாக இல்லையே என்று கல்லூரியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன் அடித்தது. பிரபாவதி மேடம்.

"ஜுனைத், கூட்டம் எங்க? முந்நூறு பேர் பதிவு பண்ணியிருக்காங்கன்னு சொன்னியே?"

"வந்துகினே இருக்காங்க மேடம்."

"முக்கிய உரை பேச வர்ற வாசுதேவன் சார் எவ்வளவு பெரிய ஆள்னு தெரியுமில்ல? கோயம்புத்தூர்ல அவர் பேசினா உட்கார இடம் கிடைக்காது. இந்தக் கூட்டத்தப் பார்த்தார்னா நம்ம காலேஜ் பேரையே மறந்துடுவார். அப்புறம் உன் கையெழுத்த நானும் மறந்துடுவேன்."

அந்தக் கையெழுத்துதான் ஜுனைத்தின் உயிர்நாடி. 'இணையவழி வகுப்புகளில் மாணவர் ஈடுபாடு' என்ற அவனுடைய முனைவர் பட்ட ஆய்வேடு முடிந்து ஒன்றரை வருடமாக மேடத்தின் மேசையில் கிடக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டால் சமர்ப்பிக்கலாம். சமர்ப்பித்தால்தான் நிக்காஹ் என்று பெண் ஃபைஸாவின் தகப்பனார் புதுப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டார். அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் 'முனைவர்' இருக்க வேண்டுமாம். ஃபைஸா இப்போதெல்லாம் போன் செய்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை, சமர்ப்பித்துவிட்டீர்களா என்றுதான் கேட்கிறாள்.

பதிவு செய்த முந்நூறு பேரை ஜுனைத்தால் திட்டவும் முடியவில்லை. மாநாடு முடிந்து நன்றியுரை தொடங்கும் நேரத்தில்தான் கருத்துப் படிவத்தின் இணைப்பு வரும், அதை நிரப்பினால் சான்றிதழ் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார்கள். அவனுடைய கோப்பில் உள்ள இருபத்தைந்து சான்றிதழ்களும் அப்படிச் சம்பாதித்தவைதான்.

ஊரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை அஃப்ஸானாவைக் கூப்பிட்டான். துணை நிர்வாகியாக உட்கார வைப்பதற்கு வேறு ஆள் கிடைக்காமல் அவளைத்தான் வைத்திருந்தான்.

"ஆளே இல்லம்மா. இன்னா பண்றதுன்னே தெரியல."

"இதுக்கா இப்டி அழுதுகினு கீற? நம்ம ஃபேமிலி குரூப்புல போட்டு விட்றேன். எல்லாரும் சனிக்கெழம சும்மாதான் கீறாங்க."

போட்டாள். ஆனால் 'ஜுனைத் அண்ணன் கல்யாணம் நடக்கணும்னா எல்லாரும் உடனே இந்த லிங்க்கத் தொடுங்க' என்று போட்டாள்.

கொரோனா காலத்தில் நான்கு நிக்காஹை இணையத்தில் பார்த்துப் பழகிய குடும்பம் அது. சிறிது நேரத்தில் திரை நிரம்பியது. பட்டுப்புடவையும் முக்காடுமாகச் சித்திகள் வந்தார்கள். தம்மாமிலிருந்து ஒருவர் அத்தர் பூசிக்கொண்டே வந்தார். கறிக்கடைப் பெரியப்பா கத்தியும் கையுமாக வந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் முபாரக் சொன்னார்கள். மாப்பிள்ளை ஏன் சட்டைகூட மாற்றவில்லை என்று ஒரு மாமி அங்கலாய்த்தார்.

மேடம் மறுபடியும் போனில் வந்தார். "யாரு இவங்க? ஏன் எல்லாரும் ஜரிகைப் புடவைல இருக்காங்க?"

"பன்னாட்டுப் பங்கேற்பாளர்கள் மேடம். ஒருத்தர் சவூதி."

"சரி, கூட்டம் இருக்கு. ஆனா பேரப் பாரு. 'மட்டன் ஸ்டால்'னு ஒருத்தர். 'வூடு'ன்னு ஒருத்தர். இன்னொருத்தர் பேரு 'சலுகை இன்றே கடைசி'. இது மாநாடா, சந்தையா? மாத்து."

அந்தச் சலுகைக்காரர் மதார் சாகிப், ஹபீபாவின் தம்பி, ஜுனைத்தின் தாய்மாமா. திருப்போரூர்ப் பக்கம் மனை விற்பவர். ஞாயிற்றுக்கிழமை வேனில் இலவசமாக ஆள் ஏற்றிக்கொண்டு போவார். பிரியாணிக்காக மட்டும் வந்தேன் என்று சொன்னவன்கூட இறங்கும்போது அட்வான்ஸ் ரசீதோடுதான் இறங்குவான்.

மாமாவே போன் செய்தார். "மாப்ள, நிக்காஹ் எப்ப? நான் சைட்டாண்ட நின்னுகினு கீறேன். போன சட்டப் பாக்கெட்ல போட்டுகினு காதுல மாட்டிகினேன்."

"நிக்காஹ் இல்ல மாமா, படிப்பு விஷயம். சும்மா இருந்தா போதும். யாரு கேட்டாலும் என் சொந்தம்னு மட்டும் சொல்லிடாதீங்க. பேசச் சொன்னா ரெண்டு வார்த்த நல்லதாப் பேசுங்க."

"சரிடா. எனுக்கு இன்னா, வெய்யில்ல நிக்கறதுக்கு இத்த கேட்டுகினு கெடக்கறேன்."

ஜுனைத் தங்கையிடம் திரும்பினான். "எல்லார் பேரையும் மாத்து. எல்லாத்துக்கும் முன்னாடி முனைவர் போடு."

"அத்தினி முனைவருக்கு நான் பேருக்கு எங்க போவேன்?"

"மாநாட்டு நோட்டீஸ்ல, புக்குல, எங்கயாவது பாத்துப் போடேன். நேரமில்ல."

அஃப்ஸானா கைவேகக்காரி. ஒரு டீ ஆறுவதற்குள் அந்தக் குடும்பத்தில் முப்பத்தேழு முனைவர்கள் உண்டானார்கள். ஆறு தலைமுறையாகச் சேர்த்த படிப்பைவிட அது அதிகம். ஹபீபா மகனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நீ ஒருத்தன் ஆவறதுக்குத் தான்டா இவ்ளோ நாளாவுது" என்றாள்.

வாழ்த்துப் பாடல் ஒலித்தது. இரண்டாம் வரியில் பெரியப்பா ஒரு தொடையை வெட்டத் தொடங்கினார். பாட்டுக்குத் தாளம் போட்டதுபோல் சரியாக விழுந்தது வெட்டு. ஒரு சித்தி, இன்னும் மாப்பிள்ளை வீட்டார் வரவில்லையா என்று சத்தமாகக் கேட்டார். அவரே மாப்பிள்ளை வீட்டார்தான்.

"ஜுனைத்" என்றார் மேடம் போனில், பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லார் வாயையும் அடை. வாசுதேவன் சார் வந்துட்டார், பேரு தெரியுது. இதையெல்லாம் கேட்டுட்டிருப்பார். இனிமே புதுசா ஒரு ஈ, காக்கா உள்ள வரக் கூடாது. கதவச் சாத்து."

சார் வந்துவிட்டார் என்றதும் ஜுனைத்துக்குப் பாதி உயிர் திரும்பியது. எல்லார் ஒலியையும் நிறுத்தினான். புதிதாக வருகிற எவரும் வெளியிலேயே காத்திருக்கும்படி அமைப்பை மாற்றினான். அப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே வர முடியாத சொந்தக்காரர் யாராவதாக இருக்கும் என்று வெட்டிவிட்டான்.

மேடம் வரவேற்புரையைத் தொடங்கியபோது மின்சாரம் போனது.

மடிக்கணினிக்குப் பேட்டரி செத்துப் பல காலமாகிறது. மின்சாரம் போனதும் அதுவும் அணைந்துவிட்டது. ஜுனைத் தங்கைக்குப் போன் செய்து, "நீ பாத்துக்க, மேடம் பேரு சொல்றவங்களுக்கு மட்டும் மைக்க தொறந்து வுடு" என்று சொல்லிவிட்டுக் கைபேசியோடு தெருவுக்கு ஓடினான்.

சனிக்கிழமை மாமல்லபுரத்தில் சிக்னல் கிடைப்பது கஷ்டம். கடற்கரைக் கோயிலுக்கு வந்த பேருந்துக் கூட்டமெல்லாம் கடலைப் பார்க்காமல் வீட்டுக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தது. கலங்கரை விளக்கத்துக்குப் போனான், வட்டம் சுற்றியது. பைக்கை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனான். ஒரு கோடு வந்தது. வந்ததும் தெரியாத எண் மறுபடியும் அழைத்தது, கோடு போனது. வெட்டினான். கோடு வந்தது. மறுபடியும் அழைப்பு. இந்தப் பிடிவாதம் அம்மா வழிச் சொந்தத்துக்குத்தான் உண்டு என்று நினைத்து அந்த எண்ணையே தடை செய்தான். தன் வாழ்க்கையில் எடுத்த உறுதியான முடிவு இது ஒன்றுதான் என்று அவனுக்கு ஒரு பெருமிதம்கூட வந்தது.

அதன் பிறகு குரல் வராவிட்டாலும் அரட்டைப் பெட்டி மட்டும் விட்டுவிட்டு வந்தது. முக்கிய உரை நடந்துகொண்டிருந்தது. 'அருமை சார்.' 'கண் திறந்துட்டீங்க சார்.' 'என் அப்பா இப்படி ஒருத்தர் பேச்சக் கேட்டிருந்தா நாங்க இன்னிக்கு எங்கயோ இருந்திருப்போம் சார்.' 'லொகேஷன் அனுப்புங்க சார்.' நடுநடுவே 'சான்றிதழ் எப்ப சார்?'

ஜுனைத் இளநீர்க் கடை ஓரம் பைக்கை நிறுத்தி அதையே திரும்பத் திரும்பப் படித்தான். ஆய்வுக்காக இருநூறு இணைய வகுப்புகளைக் கவனித்தவன் அவன். மாணவர் ஈடுபாடு என்று ஒன்று உண்டு என்பதை ஆய்வேட்டில் எழுதியிருந்தானே தவிரக் கண்ணால் கண்டதில்லை. இன்று கண்டான். ஓர் இளநீர் சொன்னான்.

இளநீர் குடித்து முடிப்பதற்குள் மேடத்தின் அழைப்பு வந்தது. குரல் கம்மியிருந்தது. போச்சு என்று நினைத்தான்.

"ஜுனைத், முப்பது வருஷமாக் கருத்தரங்கு கேக்கறேன். இப்படி ஒரு பேச்சக் கேட்டதில்ல. சிங்கப்பெருமாள் கோயில் வரிசைல நின்னுட்டுத்தான் கேட்டேன், என் முறை வந்ததுகூடத் தெரியல. படம் காட்டல, மேற்கோள் காட்டல, கேமராவக்கூடப் போடல. நம்ம ஊர் ஜனங்களோட பேச்சுக்கே இறங்கி வந்து பேசினார். எவ்வளவு பெரிய மனுஷன், என்ன எளிமை."

"என்ன மேடம் சொன்னார்?"

"உங்க பிள்ளைங்களோட எதிர்காலத்த நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க, அஸ்திவாரம் இன்னிக்கே போடுங்கன்னார். உலகம் நம்ம பக்கம் வந்துட்டிருக்கு, நாமதான் தூங்கறோம்னார். பிரின்சிபால் அழுதுட்டார். கடைசில சொந்த வாழ்க்கைக்கும் ஒரு யோசனை சொன்னார், அது எங்களோட இருக்கட்டும்."

ஜுனைத் இளநீரைக் கீழே வைத்தான். "மேடம், என் கையெழுத்து..."

"போடறேன்பா. இப்படி ஒருத்தரக் கூட்டிட்டு வந்தவனுக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்? திங்கக்கிழமை வேணாம், நானும் பிரின்சிபாலும் திருப்போரூர் வரைக்கும் போறோம். செவ்வாய்க்கிழமை பேனாவோட வா."

அவன் ஃபைஸாவுக்கு 'செவ்வாய்க்கிழமை' என்று மட்டும் அனுப்பினான். அவள் பதிலுக்கு ஒரு சிவப்பு ரோஜாவை அனுப்பினாள். ஒன்றரை வருடத்தில் முதல் ரோஜா. நடுச்சாலையில் உட்கார்ந்து அழலாம் போல அவனுக்கு சந்தோஷமாக இருந்தது. பாண்டிச்சேரிப் பேருந்துகள் போகிற சாலை என்பதால் அதைச் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மின்சாரம் வந்திருந்தது. நன்றியுரையும் முடிந்து, வாட்ஸாப்பில் வந்த இணைப்பைத் தொட்டு முந்நூறு பேரும் வெளியில் இருந்தபடியே படிவத்தை நிரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். மடிக்கணினியில் மறுபடி நுழைந்தபோது திரையின் மூலையில், வெளியே ஒருவர் காத்திருப்பதாக ஓர் அறிவிப்பு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. சான்றிதழுக்குத் தாமதமாக வந்த எவனோ ஒருவன். பெயரைக்கூடப் பார்க்காமல் ஜுனைத் மாநாட்டை முடித்து மூடினான்.

வாசலில் மதார் சாகிப் மாமாவின் வேன் வந்து நின்றது. ஒரு கையில் பிரியாணிப் பொட்டலம், இன்னொரு கையில் ஃபலூடா. முகமெல்லாம் பல்.

"மாப்ள, உங்க காலேஜு ஆளுங்க தங்கமானவங்கடா. நீ சொன்ன மாதிரியே உன் சொந்தம்னு மூச்சு வுடல."

"ரொம்ப நன்றி மாமா. கையெழுத்து கெடைக்கப் போவுது. எல்லாம் வாசுதேவன் சார் பேசினதால வந்தது."

மதார் சாகிப் பொட்டலத்தை ஹபீபாவிடம் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அத்த தான் உன்னாண்ட கேக்கணும்னு வந்தேன் மாப்ள. உங்க மேடமும் பிரின்சிபாலும் ஆளுக்கு ஒரு பிளாட் புக் பண்ணிட்டு, திங்கக்கெழம சைட் பாக்க வராங்க. அதெல்லாம் சரி, ரெண்டு பேரும் என்னிய எதுக்குடா வாசுதேவன் சார்னே கூப்டுகினு கீறாங்க?"