கூறைப்புடவையில் விட்ட படகு

பிள்ளைகளே, உங்கள் அப்பா சர்வதேசப் படகுப் பந்தயத்தில் கலந்துகொண்டவன். நான் சொன்னால் நீங்கள் நம்புவதில்லை. அம்மா சொன்னால் நம்பிச் சிரிக்கிறீர்கள். அவள் சொல்லும்போது நான் ரொம்பக் கேவலமாகத் தெரிகிறேன் என்பதால் நானே எழுத உட்கார்ந்தேன். (எழுதிப் பார்த்தேன். அப்படித்தான் தெரிகிறேன்.)

ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் கேபிள் டிவி வந்த புதிது. ஒரு வெளிநாட்டுச் சேனலில் இரட்டைப் படகுப் பந்தயம் போட்டார்கள். இரண்டு ஓடங்களை இணைத்து, மேலே ஒரு பெரிய பாய். கரையில் ஆயிரக்கணக்கான ஜனம் கொடியை ஆட்டிக் கத்துகிறது. நம் மீனவர் கட்டுமரத்தைத்தான் கோட்டு சூட்டு போட்டு ஓட்டுகிறார்கள் என்று தோன்றியது. கடல் இல்லாவிட்டால் என்ன, நம்மிடம் ஏரி இருக்கிறதே!

எங்கள் பிளாக்கும் எதிர் பிளாக்கும் மோதுவதாக முடிவாயிற்று. எதிரணியில் ஒரு பாலக்காட்டுக்காரர் இருந்ததால் சர்வதேசப் போட்டி என்றே அறிவித்தோம். முதல் பரிசு எவர்சில்வர் குடம்.

எங்கள் படகைச் செய்தவன் டாங்க் ஃபாக்டரியில் என்னோடு வேலை பார்த்த வெல்டர் தனசேகர், பூந்தமல்லிக்காரன். தினமும் பீரங்கி வண்டிக்குத் தகடு ஒட்டுகிற கை அவனுக்கு. மெல்லிசாக எதையும் செய்யத் தெரியாது. அரை அங்குலத் தகட்டில் இரண்டு ஓடம் செய்துவிட்டான்.

"இவ்ளோ கனமா இருக்கே, மிதக்குமாடா?" என்றேன்.

"மாமே, பீரங்கி வுட்டு அட்ச்சாக்கூட ஒண்ணியும் ஆவாது."

ஏரியில் யார் பீரங்கியால் அடிக்கப் போகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பாய்க்குத் துணி வேண்டுமே. டிவியில் எல்லாம் பளபளவென்று இருந்தன. எங்கள் வீட்டில் பளபளவென்று இருந்தது ஒன்றுதான்: உங்கள் அம்மாவின் கூறைப்புடவை, அரக்கு நிறம், கையகலச் சரிகை. அந்த ஞாயிறு அவள் மாங்காட்டு அம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள். வர மத்தியானம் ஆகும். பத்து மணிக்குப் பந்தயம், பதினொன்றுக்குப் புடவை மறுபடி பீரோவில். என் கணக்கு அவ்வளவுதான்.

எட்டுப் பேர் தூக்கிப் படகைத் தண்ணீரில் வைத்தோம். விசில் ஊதினார்கள். எதிரணியின் பிளாஸ்டிக் பேரல் படகு கிளம்பியது. எங்கள் படகு நிதானமாக, மரியாதையாக ஏரியின் அடியில் உட்கார்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் நானும் தனசேகரும் நிற்க, தலைக்கு மேலே புடவை மட்டும் கம்பீரமாகக் காற்றில் உப்பி நின்றது.

"பாத்தியா மாமே, ஒரு சொட்டு ஒழுகுதா?" என்றான்.

அடுத்த காற்றில் முடிச்சு அவிழ்ந்தது. புடவை பறந்து, தண்ணீரில் சுகமாகப் படுத்திருந்த எருமையின் மேல் விழுந்தது. முந்தானை கொம்பில் மாட்டிக்கொண்டது. மிரண்ட எருமை அக்கரையைப் பார்த்துப் பாய்ந்தது. என் கல்யாணமே கண்ணெதிரே நீந்திப் போனது.

மைக்கில் வர்ணனை சொன்னவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். "அரக்குப் பாய் முந்துகிறது! பாலக்காட்டைத் தாண்டுகிறது! மன்னிக்கவும், அது எருமை! எருமை முதலிடம்!"

அக்கரையில் எருமையின் சொந்தக்காரர் முனுசாமி, "யாருய்யா என் எருமைக்குப் பொடவ கட்டி வுட்டது?" என்று கத்தினார். விவரம் தெரிந்ததும் குரல் மாறியது. "அப்போ கொடம் எனுக்குத்தான நைனா? அதுதான ஃபர்ஸ்ட்டு வந்துகீது?"

நியாயம்தான். கொடுத்துவிட்டார்கள். ஜனம் கை தட்டியது. நான் ஏரியைச் சுற்றி ஓடிப்போய்ப் புடவையைப் பிடித்தேன். எருமை விடவில்லை. நான் இந்தப் பக்கம் இழுக்க, அது அந்தப் பக்கம் இழுக்க, கூட்டத்தில் ஒரு வளையல் கை என் தோளைத் தொட்டது. அன்றைக்கென்று பஸ் உடனே கிடைத்திருக்கிறது.

"ஏங்க, இழுக்காதீங்க, கிழிஞ்சுடும்" என்றாள் உங்கள் அம்மா. எருமையின் கழுத்தைத் தடவி, புடவையைப் பதமாகக் கழற்றினாள். என்னைப் பார்த்து அடுத்த வார்த்தை சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான். "அது சொன்ன பேச்சு கேக்குது."

புடவை கிழியவில்லை. ஓரத்தில் பாசிக் கறை மட்டும் போகவே இல்லை. பெரியவள் தன் கல்யாணத்துக்கு அதைக் கட்டட்டுமா என்று கேட்டபோது அம்மா சொன்னதுதான் உங்களுக்கே தெரியுமே: "தாராளமா கட்டிக்கோடி, பந்தயத்துல ஜெயிச்ச பொடவை. உங்கப்பா மட்டும் கிட்ட வராம பாத்துக்கோ."

இன்றும் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் நீங்கள் யாராவது, "அப்பா எங்க?" என்று கேட்கிறீர்கள். அதற்குள் உள்ளே பீரோ பூட்டும் சத்தம் கேட்டுவிடுகிறது.