கோப்பில் ஒட்டிய முகம்

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு: காவல் நிலையத்தில் ஒவ்வொரு வழக்குக் கோப்பிலும் புகைப்படம் ஒட்ட ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஆய்வுக்கு வருகிற பெரிய அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான். உள்ளே எழுதியிருப்பதை அவர் படிப்பதில்லை. பாவம், அவருக்கும் வேலை வெட்டி இருக்கும்.

நான் அந்தக் காவல் நிலையத்துக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். என் அக்கா மகளை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். பாப்பாவுக்கு இருபத்தேழு வயது, நடிகை. நடிகை என்றதும் எந்தப் படம் என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், கேட்கிறவர்களை அறையலாம் போல இருக்கும் எனக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு துப்பறியும் தொடரில் ஒரே ஒரு வாரம், ஒன்பது நிமிஷம் வந்தாள். அவ்வளவுதான்.

அது உண்மைச் சம்பவங்களைத் தத்ரூபமாகக் காட்டும் தொடர். அந்த வாரத்துச் சம்பவம் எங்கள் காவல் நிலையத்து வழக்கு. வயதான தம்பதியைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் ஒருத்தி பாலில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்துவிட்டு, பீரோவில் இருந்த நகையோடு மறைந்துவிட்டாள். அந்த நர்ஸாக பாப்பா. பாலை ஆற்றும்போது அவள் முகத்தில் ஒரு பாவம் காட்டினாள் பாருங்கள், எங்கள் வீட்டில் அன்று யாரும் பால் குடிக்கவில்லை. கடைசியில் அழுதுகொண்டே பின்சுவர் ஏறிக் குதித்தாள். 'இவரைப் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் காவல் நிலையத்தை அணுகவும்' என்று கீழே எழுத்து ஓடியது. நாங்கள் கைதட்டினோம்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒன்றும் வரவில்லை. இப்போதுதான் நிஜமான ஒரு படம் அமைந்தது. கதாநாயகியின் அக்கா வேஷம். வெளிநாட்டில் நாற்பது நாள் படப்பிடிப்பு. இருபத்தெட்டாம் தேதிக்குள் கையில் பாஸ்போர்ட் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனி மேனேஜர் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டார். பாப்பா விண்ணப்பம் போட்டாள். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போனேன், தெருவைத் தாண்டினால் போதும்.

கோப்புகளை எழுதி வைக்கிற ஸ்டேஷன் ரைட்டர் எனக்குத் தெரிந்தவர், மரியாதையான மனுஷன். பாப்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"ஒரு சின்ன சிக்கல்ம்மா," என்றார். "உங்கள நாங்க மூணு வருஷமா தேடிக்கிட்டு இருக்கோம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பால் வழக்குக் கோப்பைத் திறந்து காட்டினார். கட்டத்துக்குள் பாப்பா இருந்தாள். டிவியிலிருந்து எடுத்த படம், ஓரத்தில் சேனலின் சின்னம்கூடப் பாதி தெரிந்தது. அதன் மேல் 'உண்மை நகல்' என்று பச்சை மையில் முத்திரையும் கையெழுத்தும்.

நடந்தது இதுதான். அசல் நர்ஸின் படம் எங்கேயும் கிடைக்கவில்லை. மறுநாள் ஆய்வு. அன்று ரைட்டரின் சம்சாரம் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். ரைட்டர் போனில் ஒரு படம் எடுத்தார், ஒட்டினார். வந்த பெரிய அதிகாரி இவ்வளவு முழுமையான கோப்பை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

"சார், அது நான் நடிச்சது," என்றாள் பாப்பா.

"ரொம்ப நல்லா நடிச்சிருந்தீங்க. அதான் இப்போ பிரச்சினையே."

படத்தைப் பிய்த்துப் போடுங்கள் என்றேன். முத்திரை வைத்த ஆவணத்தைப் பிய்த்தால் அது தனி வழக்கு என்றார். வேறு படம் ஒட்டலாமே என்றேன். தாராளமாக ஒட்டலாம், குற்றவாளியைப் பிடித்தால்.

"அப்போ பிடிங்களேன்."

"முகம் தெரியாம யாரப் பிடிக்கறது?"

"முகத்தைத்தான் ஒட்டி வெச்சிருக்கீங்களே."

"அதனாலதானே உங்க பொண்ண உக்கார வெச்சிருக்கேன்," என்றார். குரலில் துளி கோபம் இல்லை. இந்த மாதிரி ஆளோடு சண்டைகூடப் போட முடியாது.

அடையாளம் காட்டும் படலம் நடந்தது. நகையைப் பறிகொடுத்த வீட்டுக்கார அம்மாவையும் அவர் புருஷனையும் வரவழைத்தார்கள். அசல் நர்ஸ் அந்த வீட்டில் ஏழு மாதம் இருந்தவள். ஆனால் அந்த அம்மா அவளைப் பார்த்தது ஏழு மாதம், தொடரைப் பார்த்தது பதினோரு தடவை. பாப்பாவின் கன்னத்தைத் தொட்டு, "உன்னை மகளாத்தானேம்மா வெச்சிருந்தேன்?" என்று கேட்டார். பாப்பா கலைஞி அல்லவா, கண் கலங்கிவிட்டது. 'எதிரி கண்ணீர் மல்கினார்' என்று ரைட்டர் அதையும் பதிவு செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். என் அக்கா என்னைத்தான் ஏசினாள். ஊர் உலகத்துக்கெல்லாம் மனு எழுதுகிறாயே, சொந்த மருமகளுக்கு ஒரு மனு எழுதத் துப்பில்லையா என்றாள். ஆறு மனு எழுதினேன். ஆறும் தக்க நடவடிக்கைக்காக ரைட்டரிடமே திரும்பி வந்தன.

இருபத்தாறாம் தேதி காலை ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். சரணடைய மனு எழுத வேண்டுமாம். என்ன குற்றம் என்றேன்.

"பால்ல மாத்திரை கலந்தது," என்றாள்.

புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். அசல்! மனசு உறுத்துகிறதாம், ராத்திரி அந்த அம்மாவின் முகமே வருகிறதாம். ஏற்கெனவே இரண்டு தடவை போய் நின்றாளாம். நீ இல்லை, நேரத்தை வீணாக்காதே என்று அனுப்பிவிட்டார்களாம். நான் மனுவை முத்து முத்தாக எழுதி, அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தெருவைத் தாண்டி அழைத்துப் போனேன்.

ரைட்டர் அவளைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். "முகம் ஒத்துப்போகலையே," என்றார்.

நகை இருக்கும் இடத்தைச் சொல்கிறேன் என்றாள். வீட்டுக்கார அம்மாவுக்கு எந்தக் காலில் வலி என்றுகூடச் சொன்னாள். ரைட்டர் அடையாளச் சான்று கேட்டார். அவள் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தாள். போன வருஷம் வாங்கியது. 'இவர் மீது எந்த வழக்கும் இல்லை, நன்னடத்தை உள்ளவர்' என்று விசாரித்து எழுதி அனுப்பியது இதே நிலையம், இதே ரைட்டர்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நீங்க குற்றவாளின்னா நான் பொய்யா எழுதிக் கொடுத்தேன்னு ஆயிடும். நான் பொய் எழுதறவன் இல்ல. அதனால நீங்க குற்றவாளி இல்ல. வீட்டுக்குப் போங்க."

அசல் பெஞ்சில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அந்த நேரம் பார்த்து, பாஸ்போர்ட் என்ன ஆச்சு என்று கேட்க கம்பெனி மேனேஜரும் டைரக்டரும் வந்தார்கள். அன்றும் விசாரணைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த பாப்பா எழுந்து வணக்கம் சொன்னாள். டைரக்டர் அவளைப் பார்க்கவே இல்லை. இப்போது திரையுலகில் நடிக்கத் தெரிந்தவர்களுக்கு மவுசு கிடையாதாம், வாழ்ந்த முகம் வேண்டுமாம். டைரக்டர் பெஞ்சைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். விரல்களால் சட்டம் கட்டி அசலின் முகத்தைப் பார்த்தார். நர்ஸ் கதையைக் கேட்டார். அவருக்கு மெய் சிலிர்த்துவிட்டது. மேனேஜர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாஸ்போர்ட் இருக்காம்மா?"

ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது, கதாநாயகியின் அக்கா வேஷம் அசலுக்கு. தன் எல்லைக்குள் ஒரு நடிகை உருவானதில் ரைட்டருக்குப் பெருமை. வழக்கு என்ன ஆச்சு என்று விசாரிக்க வந்த வீட்டுக்கார அம்மா, குடும்பப் பாங்கான முகம், நல்லா வரணும் என்று அசலின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். அசலும் அழுகையை நிறுத்திவிட்டாள். மனசாட்சிக்கும் ஒரு வேலை கிடைத்தால் சும்மா இருக்கும் போல. பாப்பா மட்டும் ஓரமாக நின்றாள். ஊரைவிட்டு வெளியே போக மாட்டேன் என்று அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இருபத்தேழாம் தேதி விசா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய கம்பெனிக்காரர்கள் அசலை அழைத்துக்கொண்டு என் மேசைக்குத்தான் வந்தார்கள். மனு எழுத வந்தவரைத் திருப்பி அனுப்புவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. எழுதிக் கொடுத்தேன். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னபோது என் அக்கா தட்டை ணங்கென்று வைத்தாள். பாப்பா கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஃபார்ம்ல, இதுக்கு முன்னாடி எதுல நடிச்சிருக்கீங்கன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என்ன எழுதினீங்க மாமா?"

தொலைக்காட்சித் தொடர் ஒன்று, ஒன்பது நிமிஷம் என்று எழுதியிருந்தேன்.