ஒன்பதாம் குழியில் ஓடிய காந்த வண்டி

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு போல்ட்டைத் தேடணும்.

ஒரகடத்துல கம்பெனி ஆபீசருங்க வந்து ஆடற கோல்ஃப் மைதானத்துல நான் மெக்கானிக். காண்ட்ராக்ட்தான். காலைல புல் வெட்டுற மிஷின்லேந்து ஒரு போல்ட் ஒன்பதாம் குழிகிட்ட கழண்டு விழுந்துடுச்சு. மறுபடி மிஷின் அது மேல ஏறினா பிளேடு காலி!

எங்க மேனேஜர் முன்னாடி கார் பிளாண்ட்ல இருந்தவர். "செலவில்லாம ஒரு டூல் செஞ்சு காட்டு. வேலை செஞ்சா உன் பேரை பர்மனென்ட்டுக்கு எழுதறேன்"னு சொல்லியிருந்தார்.

விடுவேனா? வல்லக்கோட்டை சவுண்டு சர்வீஸ்காரர் தூக்கிப் போட்ட ஸ்பீக்கருங்கள்லேந்து ஆறு காந்தம், ஒரு பலகை, பழைய சூட்கேஸ் சக்கரம். காந்த வண்டி ரெடி! மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். என்னைக் கையில பிடிக்க முடியல.

மத்தியானம் மழை தூறுச்சு. ஒன்பதாம் குழிகிட்ட ஆளும் இல்ல, பந்தும் இல்ல. ஆட்டம் முடிஞ்சுதுன்னு நெனச்சு வண்டியை இழுத்தேன். டக்! போல்ட் ஒட்டிக்கிச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். சந்தோஷத்துல இன்னும் ரெண்டு ரவுண்டு இழுத்தேன்.

டக், டக், டக், டக்!

திருப்பிப் பாத்தா நாலு ஒரு ரூபா காசு.

"கன்னியப்பண்ணே, இங்க வாங்க! புல்லுல காசு காய்க்குது!"

கன்னியப்பன் அண்ணன் தண்ணி விடறவர், வடக்குப்பட்டுக்காரர். பாத்ததும் தலையில கை வெச்சுக்கிட்டார்.

"டேய், இன்னா வேலடா பண்ணிக்கீற! மழைன்னு பந்தை எடுத்துக்கினு, அது இருந்த எடத்துல அடையாளத்துக்குக் காசு வெச்சுட்டுப் போய்க்கீறாங்கடா! மேனேஜரும் ஆடறாரு!"

ரெண்டு வருஷமா இங்கதான் வேலை. ஒருநாளாவது ஆட்டத்தை நின்னு பாத்திருந்தாத்தானே தெரியும்!

மழை விட்டுச்சு. தூரத்துல நாலு குடை தெரிஞ்சுது. வண்டியைப் புதர்ல தள்ளினேன். மூணு காசை குத்துமதிப்பா வெச்சேன். நாலாவது கை நழுவி, உருண்டுபோய், குழிக்கு ஒரு ஜாண் தள்ளிப் படுத்துக்கிச்சு. எடுக்கறதுக்குள்ள வந்துட்டாங்க.

அங்கேந்து லேசாத் தட்டினாலே பந்து குழியில விழுந்துடும். நாலு பேரும் நேரா அந்த ஒரு ஜாண் காசுகிட்டதான் போனாங்க!

"இது என்னோடது."

"சாரி சார், நான்தான் வெச்சேன்."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!"

ஆயிரம் பேரை மேய்க்கிற ஆபீசருங்க. அந்த மத்த மூணு காசும் அனாதையாக் கிடந்துது.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ இங்கதானே இருந்தே? இது யார் காசு?"

யார் பேரைச் சொன்னாலும் மத்த மூணு பேர் என்னைப் பச்சையாத் தின்னுடுவாங்க. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"என் காசு சார். பாக்கெட்லேந்து விழுந்துடுச்சு."

எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். அப்பாடா!

எங்க அப்பாடா? இப்போ நாலு பேருக்கு மூணு காசு! எல்லாரும் குனிஞ்சு தேட ஆரம்பிச்சாங்க.

திடீர்னு மேனேஜர் முகம் மலர்ந்துது. விருந்தாளிங்ககிட்ட பெருமையாச் சொன்னார்: "நம்ம ஆளு செலவே இல்லாம ஒரு காந்த வண்டி செஞ்சிருக்கான். எடுத்துட்டு வாப்பா! காசைக் கண்டுபிடிச்சிட்டா இன்னிக்கே உனக்கு பர்மனென்ட்!"

ஈரப் புல்லு பூரா சக்கரத் தடம். வண்டியில ஒரே ஒரு காசு ஒட்டினா போதும், நாலு பேருக்கும் கதை புரிஞ்சுடும்.

"சார்... அது வேலை செய்யல சார். ஒண்ணுமே ஒட்ட மாட்டேங்குது."

"சரி, அப்போ பர்மனென்ட்டை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

செஞ்ச டூல் வேலை செய்யாம பர்மனென்ட் ஆகாதவனைப் பாத்திருப்பீங்க. ஒழுங்கா வேலை செஞ்சதால ஆகாதவன் நான் ஒருத்தன்தான்.